டிராக்டர் டிரெய்லரில் சரக்கு ஏற்றிக் கட்டும் முறை: புதிதாக ஓட்ட வருபவர்களுக்கு

மாங்காய் பறிப்பு தொடங்கிவிட்டால் காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கம் டிராக்டர்களுக்கு ஓய்வு கிடையாது. தோப்பிலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து கூழ் ஆலைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சமயத்தில்தான் புதுக் கைகளும் ஸ்டியரிங் பிடிக்கின்றன. ஏதாவது கவிழ்ந்தால் 'கயிறு அறுந்துபோச்சு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கயிறு அறுபடுவது பெரும்பாலும் கடைசியில் நடப்பது. எடையைத் தப்பான இடத்தில் வைத்ததும், இடைவெளியை அடைக்காமல் விட்டதும் தோப்பிலேயே முடிந்துபோயிருக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் கயிறு பாதி தாண்டித்தான் வரும்.

கணக்குக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். டிராக்டர் 40 முதல் 45 குதிரைத்திறன், எடை சுமார் 2,000 கிலோ. டிரெய்லர் ஒரே அச்சு, இரண்டு சக்கரம், தொட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், வெறும் எடை 900 கிலோ, தனி பிரேக் இல்லை. உங்கள் வண்டியின் அளவு வேறாக இருக்கும். பதிவுச் சான்றிதழில் வெறும் எடையும் அனுமதித்த மொத்த எடையும் இருக்கும், அதைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். டிராக்டருக்கு ஒன்று, டிரெய்லருக்கு ஒன்று எனச் சான்றிதழ் தனித்தனி.

எவ்வளவு ஏற்றலாம்

பிரேக் இல்லாத டிரெய்லரை நிறுத்துவது டிராக்டரின் பின்சக்கர பிரேக் மட்டும்தான். சரக்கோடு சேர்த்து டிரெய்லரின் எடை டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது, வேகமும் 30 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் கணக்கு வண்டிக்கு அது 3,000 கிலோ. டிரெய்லரின் 900 போக மீதம் 2,100. இது சமதரைக் கணக்கு. அஞ்செட்டி பக்கமோ, பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் பாதையிலோ போவதானால் மொத்த எடையை டிராக்டர் எடைக்குச் சமமாகக் குறைத்துவிடுங்கள். சான்றிதழில் உள்ள எண் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் எல்லை.

மாங்காய் போடும் பிளாஸ்டிக் கிரேட் ஏறக்குறைய 54 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், 29 செ.மீ. உயரம். நிரப்பியபின் 22 கிலோ என்று வைத்துக்கொள்வோம், ஆனால் ஏற்றுவதற்கு முன் நாலைந்து கிரேட்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். பெங்களூரா மாங்காய்க்கும் செந்தூராவுக்கும் எடை ஒன்றாக வராது. தொட்டியில் நீளவாக்கில் 5, அகலவாக்கில் 5, ஆக ஒரு அடுக்குக்கு 25 கிரேட். மூன்று அடுக்கு 75 கிரேட், 1,650 கிலோ. டிரெய்லரோடு 2,550, சமதரைக்குச் சரி. நாலாவது அடுக்கு போட்டால் 3,100 ஆகிறது. 'இன்னும் 25 தானே' என்று லோடுமேன் சொல்லும் இடம் இதுதான். அங்கே நிறுத்துங்கள்.

அளவை மீறினால் காசும் போகும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு எழுதியுள்ள அபராதம் 20,000 ரூபாய், மிகுதியாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. சரக்கு பக்கவாட்டிலோ பின்னாலோ அளவுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தாலும் 20,000 ரூபாய்தான்.

இணைப்புப் பின் மாட்டுவது

டிரெய்லரின் ஏர்க்கால் (முன்னால் நீளும் இழுவைக் கம்பம்) நுனியில் உள்ள வளையத்தை டிராக்டரின் பின்கொக்கியில் பொருத்தி, இரண்டையும் கோத்துப் பிடிக்கும் இரும்புப் பின்னை மேலிருந்து கீழாக இறக்க வேண்டும். கீழிருந்து மேலாகப் போட்டால், பூட்டுக் கிளிப் கழன்ற அடுத்த மேட்டில் பின் விழுந்துவிடும். பின்னின் தடிமன் துளைக்குப் பொருந்த வேண்டும். துளை தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டால் ஒவ்வொரு பிரேக்குக்கும் இரும்பு இரும்பின் மேல் இடிக்கும், பின் வளையும். பட்டறையில் புஷ் போட்டுச் சரிசெய்யும் வேலை அது. கம்பித் துண்டையோ, நீளமான போல்ட்டையோ பின்னுக்குப் பதிலாகச் செருகுவதை இன்றும் பார்க்க முடிகிறது. போல்ட்டின் மரை உள்ள பகுதியில்தான் முதலில் விரிசல் விழும்.

பின்னோடு ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் தேவை. ஏர்க்காலுக்கும் டிராக்டர் சட்டத்துக்கும் இடையே, திருப்பத்தில் இழுபடாத அளவு தொய்வு விட்டு, தரையில் உரசாமல் போடுங்கள். பின் கழன்றாலும் ஏர்க்கால் சாலையில் குத்தாமல் சங்கிலி தாங்கும்.

கொக்கியின் உயரத்தில் விளையாடக் கூடாது. வசதிக்காக மேல் இணைப்புத் துளையில் மாட்டி இழுப்பவர்கள் உண்டு. இழுவிசை பின்அச்சுக்கு மேலே போனால் ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தூக்கும், வண்டி ஓட்டுபவரின் மேலேயே பின்பக்கமாகக் கவிழும். தடுக்க நேரம் இருக்காது. கம்பெனி கொடுத்த தாழ்ந்த கொக்கியில் மட்டுமே இழுங்கள்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டுவண்டி ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் நடப்பது அதேதான், மாட்டுக்குப் பதில் டிராக்டர்.

ஏற்றிய சரக்கில் பத்தில் ஒரு பங்கு எடை கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதைவிட மிகவும் கூடினால் டிராக்டரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. குறைந்தாலோ, எடை பின்பக்கம் சாய்ந்தாலோ, கொக்கி டிராக்டரின் பின்பக்கத்தை மேலே தூக்கும். பின்சக்கரம்தான் இழுக்கவும் நிறுத்தவும் செய்கிறது என்பதால் இரண்டுமே குறைந்துபோகும். வேகம் எடுத்தால் டிரெய்லர் வாலாட்டவும் ஆரம்பிக்கும்.

நம் தொட்டியின் முன்பலகையிலிருந்து அச்சு 168 செ.மீ. பின்னால் இருக்கிறது, கொக்கியிலிருந்து அச்சு 290 செ.மீ. என்று கொள்வோம். உங்கள் வண்டியில் டேப் வைத்து இந்த இரண்டையும் அளந்து, தொட்டியின் உள்பக்கம் அச்சுக்கு நேராகப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஐந்து வரிசை கிரேட் 270 செ.மீ. நீளம், தொட்டி 305. அதாவது 35 செ.மீ. மிச்சம் விழும். கிரேட்டுகளை முன்பலகையில் ஒட்டி அடுக்கினால் சரக்கின் நடு 135 செ.மீ.-இல் வருகிறது, அச்சுக்கு 33 செ.மீ. முன்னால். 1,650-ஐ 33-ஆல் பெருக்கி 290-ஆல் வகுத்தால் கொக்கியில் இறங்குவது சுமார் 188 கிலோ. பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல், நன்றாக இருக்கிறது. அதே 75 கிரேட்டை, இறக்கச் சுலபம் என்று பின்கதவை ஒட்டி அடுக்கினால் நடு 170-க்குப் போய்விடும். அச்சுக்கு 2 செ.மீ. பின்னால்! சரக்கால் கொக்கிக்கு ஒரு கிலோகூட இறங்காது, 11 கிலோ மேலே தூக்கும். ஒரு முழம்கூட இல்லாத இடைவெளி, ஆனால் கொக்கியில் கிட்டத்தட்ட 200 கிலோ வித்தியாசம்.

நாலு சக்கர டிரெய்லரில் இந்தத் தொல்லை குறைவு, எடையை இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் பரப்பினால் போதும். இடம் வலம் சமமாக இருக்க வேண்டியது இரண்டுக்கும் பொது. ஒரு பக்கம் மூட்டை, இன்னொரு பக்கம் காலி கிரேட் என்று ஏற்றினால் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது தெரியும்.

அடுக்குவது

தொட்டியின் தகரத்தில் மண்ணும் பழுத்த மாங்காயின் சாறும் இருந்தால் முதலில் துடைத்துவிடுங்கள். சரக்கை நகராமல் பிடிப்பதில் கயிற்றோடு உராய்வுக்கும் பெரிய பங்கு இருக்கிறது.

கிரேட்டின் விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழேயே மாங்காய் நிற்க வேண்டும். குவித்து நிரப்பினால் மேல் கிரேட் கீழ் கிரேட்டின் விளிம்பில் உட்காராமல் காயின் மேல் உட்காரும். காய் நசுங்கும், கிரேட்டுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாது. செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி வைக்க வேண்டாம், நேருக்கு நேர் வைத்தால்தான் அதன் மூலைகள் எடையைத் தாங்கும். உடைந்த மூலையுள்ள கிரேட் மேல் அடுக்குக்குப் போகட்டும்.

முன்னால் ஒட்டி அடுக்கிய பிறகு பின்னால் விழுந்த 35 செ.மீ. இடைவெளியை வெறுமனே விடக் கூடாது. ஏற்றத்தில் கிரேட் பின்னால் நழுவி இறங்க அது போதும். மரச் சட்டம் ஒன்றை அந்த அளவுக்கு அடித்து வைத்துக்கொள்வது நல்லது, ஒரு சீசன் முழுக்க உதவும். அவசரத்துக்கு வைக்கோல் திணித்த சாக்குகள். சைக்கிள், ஸ்டெப்னி, சாப்பாட்டுக் கூடை என்று கையில் கிடைத்ததை அங்கே போடுவார்கள். அவையும் நகரும் சரக்குதான், இடைவெளியை அடைக்காது.

கயிறும் பெல்ட்டும்

நைலான் கயிறு என்று கடையில் கேட்டாலும் கிடைப்பது பெரும்பாலும் பாலிபுரொப்பிலின். நல்ல புதுக் கயிறு 12 மி.மீ. தடிமனில் ஏறக்குறைய 2 டன் இழுத்தால்தான் அறும். முடிச்சுப் போட்ட இடத்தில் அதன் பலம் பாதியாகலாம். வெயில் அதை இன்னும் தின்னும். அதனால் ஆறில் ஒரு பங்கு, 300 கிலோவுக்கு மேல் ஒரு கயிற்றை நம்பாதீர்கள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கித் திரித்த மலிவுக் கயிற்றுக்கு இந்தக் கணக்கும் செல்லாது. நார் நாராகப் பிரிந்து, கையில் தேய்த்தால் தூள் உதிரும் கயிறு ஆடு கட்டவே ஆகும்.

ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் பட்டை) வாங்க முடிந்தால் 50 மி.மீ. அகலத்தில் நாலு வாங்குங்கள். அதில் தைத்திருக்கும் சீட்டில் அது பாதுகாப்பாகத் தாங்கும் பளு எழுதியிருக்க வேண்டும். சீட்டு இல்லாததை வாங்க வேண்டாம். ஒன்று, பெல்ட் முறுக்கிக்கொள்ளக் கூடாது. இரண்டு, ராட்செட் உருளையில் குறைந்தது இரண்டு சுற்று விழ வேண்டும். மூன்று, பிளாஸ்டிக் கிரேட்டின் மேல் முழுப் பலத்தோடு இறுக்கினால் கிரேட் வளையும். மேல் விளிம்பில் நீளப் பலகையோ, வெட்டிய பழைய டயர்த் துண்டோ வைத்து அதன்மேல் பெல்ட்டைப் போடுங்கள்.

கயிற்றை இறுக்கும் முறை:

1. தொட்டியின் இடப்பக்கக் கொக்கியில் நழுவாத முடிச்சு போட்டு, கயிற்றைச் சரக்கின் மேல் வீசி வலப்பக்கம் கொண்டுவாருங்கள்.
2. வலப்பக்கக் கொக்கிக்கு ஒரு முழம் மேலே, தொங்கும் கயிற்றை ஒரு முறை முறுக்கி வட்டமாக்கி, அதற்குள் கீழ்க் கயிற்றை மடித்துச் செருகி ஒரு காது உண்டாக்குங்கள்.
3. மீதிக் கயிற்றைக் கொக்கிக்கு அடியில் சுற்றி, மேலே கொண்டுபோய், அந்தக் காதுக்குள் நுழைத்துக் கீழ்நோக்கி இழுங்கள். ஏட்டுக் கணக்கில் கையின் பலம் மூன்று மடங்காகும். உராய்வில் கொஞ்சம் போய்விடும், ஆனாலும் வெறும் கையால் இழுப்பதைவிட எவ்வளவோ மேல்.
4. காதின் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தபடி, கீழே இரண்டு அரை முடிச்சு.

முன்வரிசைக்கு ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி வரிசைக்கு இரண்டு, பின்பக்கத்தில் குறுக்கே பெருக்கல் குறிபோல ஒன்று. பக்கப் பலகை ஒன்றரை அடி இருந்தால் மூன்றாம் அடுக்கு முழுக்க வெளியேதான் இருக்கும், அதைப் பிடிப்பது இந்தக் கயிறுகள்தான். மேல் கிரேட்டிலிருந்து காய் துள்ளாமலிருக்க வலை போடுங்கள். தார்ப்பாய் வெயிலுக்கும் மழைக்கும் மட்டுமே, அது சரக்கைக் கட்டாது. தார்ப்பாயின் வால் பின்விளக்கையும் சிவப்பு ஒளிப்பட்டையையும் மறைக்கிறதா என்று ஒரு முறை பின்னால் போய்ப் பாருங்கள்.

இரும்புச் சாமான்

மாங்காயைவிட ஆபத்தானது, அலட்சியமாக ஏற்றப்படுவது, கலப்பை, மோட்டார் போன்ற கனமான இரும்பு. 'அவ்வளவு கனம், எங்கே போகப்போகிறது' என்ற நினைப்புதான் காரணம். பல நாட்டுச் சாலை விதிகள், திடீர் பிரேக்கில் ஒரு பொருள் தன் எடையில் 80 சதவீத விசையோடு முன்னால் தள்ளும் என்று வைத்தே கட்டுக் கணக்குப் போடுகின்றன. பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதம்.

250 கிலோ கலப்பை ஒன்று. பிரேக்கில் 200 கிலோ விசையோடு முன்னால் வரும். மண் படிந்த தகரத்தின் மேல் இரும்பு இருந்தால் உராய்வு தாங்குவது எடையில் ஐந்தில் ஒரு பங்கு, 50 கிலோ. மீதி 150 கட்டின் மேல் விழுகிறது. அதே கலப்பைக்கு அடியில் ரப்பர் போட்டால் உராய்வு ஏறக்குறைய 60 சதவீதமாகும். 150 கிலோவை ரப்பரே தாங்கும், கட்டுக்கு 50 மட்டும். கல் உடைக்கும் கிரஷர்களில் கழித்த கன்வேயர் பெல்ட் கிருஷ்ணகிரி பக்கம் கிடைக்காத பொருள் இல்லை. தொட்டி அளவுக்கு ஒரு துண்டு வாங்கிப் போட்டுவிட்டால் பல வருடம் கிடக்கும்.

இரும்புக்கு மேலே ஒரு கயிறு வீசினால் போதாது. நாலு மூலையிலிருந்தும் நாலு கட்டு, ஒவ்வொன்றும் எதிர்த்திசைக்குச் சாய்வாக இழுபட வேண்டும். கலப்பையின் கொழு முனைகள் டிராக்டர் பக்கம் பார்க்கக் கூடாது. கூர்முனை உரசும் இடத்தில் கயிற்றுக்குச் சாக்கு சுற்றுங்கள்.

தண்ணீர் டிரம் இருந்தால் முழுக்க நிரப்புங்கள் அல்லது காலியாகக் கொண்டுபோங்கள். பாதித் தண்ணீர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பக்கம் ஓடி வண்டியைத் தள்ளும். 200 லிட்டர் டிரம்மை அச்சுக் கோட்டுக்குச் சற்று முன்னால், நிமிர்த்தி, இடுப்பில் ஒரு சுற்று, தோளில் ஒரு சுற்று கட்டுங்கள். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கும் 20 அடி குழாய் 10 அடித் தொட்டிக்கு உரியதல்ல. பின்னால் நீட்டினால் பின்பாரம், முன்னால் நீட்டினால் திருப்பத்தில் ஓட்டுபவரின் முதுகு. நீளத் தொட்டியுள்ள வண்டியை வாடகைக்கு எடுப்பதுதான் வழி.

வைக்கோலும் கேழ்வரகுத் தட்டும் எடையில்லை, உயரம்தான் பிரச்சினை. ஊருக்குள் தாழ்ந்து தொங்கும் மின்கம்பியைப் போகும் வழியில் அண்ணாந்து பார்ப்பதைவிட, ஏற்றுவதற்கு முன்பே அந்த வழியை ஒரு முறை பார்த்துவருவது நல்லது. கம்பியைக் கோலால் தூக்கிவிட மேலே ஆளை உட்காரவைப்பது கொலைக்குச் சமம். பொதுவாகவே சரக்கின் மேல், ஏர்க்காலின் மேல், மட்கார்டின் மேல் ஆள் வேண்டாம். கூலிக்கு வந்த அம்மாக்களையும் சரக்கின் மேல் ஏற்றி அனுப்பாதீர்கள், வேறு வண்டி வையுங்கள்.

சாலையில்

வயலில் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக் பெடலையும் சாலை ஏறுமுன் பூட்டிச் சேர்த்துவிடுங்கள். மறந்துபோய் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் சட்டென்று ஒரு பக்கம் திரும்பும், டிரெய்லர் நேரே தள்ளும், இரண்டும் மடங்கிக்கொள்ளும்.

புறப்பட்ட ஐந்தாவது கிலோமீட்டரில் நிறுத்துங்கள். கிரேட்டுகள் குலுங்கி இறுகியிருக்கும், கயிறு தொய்ந்திருக்கும். எல்லாவற்றையும் மறுபடி இழுத்துக் கட்டுங்கள். சக்கர நட்டுகளையும் பின்னின் கிளிப்பையும் கையால் தொட்டுப் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஒரு சுற்று.

இறக்கத்துக்கு ஒரே விதி. ஏறுவதானால் எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், அதையும் இறக்கம் தொடங்குமுன்பே போட்டுவிடுங்கள். பாதியில் கிளட்சை மிதித்தால் இன்ஜின் பிடி விட்டுப்போகும், பின்னாலிருக்கும் பாரம் தள்ள ஆரம்பிக்கும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது பெரிய லாரிகளுக்கே தொப்பூர் கணவாயில் என்ன செய்தது என்பது தருமபுரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேலம் பக்கம் போகும் அந்த இறக்கத்தில் லோடு டிராக்டரை இறக்காமலிருப்பதே எங்கள் கருத்து. தேசிய நெடுஞ்சாலை 44-இல் மற்ற இடங்களிலும் சர்வீஸ் ரோடு இருக்கும் வரை அதிலேயே போங்கள், அதுவும் சரியான திசையில்.

இறக்கும்போது

பயணம் முடிந்தது என்று எல்லாரும் தளரும் நேரத்தில்தான் ஏர்க்கால் எழும்பும். நம் 75 கிரேட்டில் முன்னால் உள்ள இரண்டு வரிசையை முதலில் இறக்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 45 கிரேட், 990 கிலோ, அதன் நடு அச்சுக்கு 21 செ.மீ. பின்னால். கொக்கியை 72 கிலோ மேலே தூக்குகிறது. 70 கிலோ ஆள் ஒருவர் பின்விளிம்பில் ஏறி நின்றால் இன்னும் 33. கொக்கியில் மாட்டியிருந்தால் டிராக்டர் பிடித்துக்கொள்ளும். கழற்றியிருந்தால், டிரெய்லரின் சொந்த முன்பாரம் போதாதபோது, ஏர்க்கால் துள்ளி எழும். பக்கத்தில் நிற்பவரின் தாடை உயரத்துக்கு வரும் இரும்பு அது.

ஆகவே இறக்கி முடியும்வரை பின்னைக் கழற்றாதீர்கள். கடைசி வரிசையிலிருந்து முன்னோக்கி இறக்கிக்கொண்டே வாருங்கள். வழியில் இரண்டு இடத்தில் இறக்க வேண்டியிருந்தால், முதல் இடத்துச் சரக்கு பின்னால் இருக்கும்படி தோப்பிலேயே பிரித்து ஏற்றுங்கள். பாதி இறக்கிய பிறகு பின்னால் விழும் காலி இடத்துக்கு மரச் சட்டத்தை நகர்த்தி, கயிற்றைப் புதிதாகப் போடுங்கள்.

டிரெய்லரைத் தனியாக விட்டுவிட்டு டிராக்டர் போக வேண்டுமானால் சமதரையில் நிறுத்தி, இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் நாலு கட்டை கொடுத்து, ஏர்க்காலுக்கு அடியில் கால் ஜாக்கியை இறக்கிப் பூட்டிய பிறகே பின்னை எடுங்கள். மண் தரையானால் ஜாக்கிக்கு அடியில் ஒரு கெட்டிப் பலகை. பின்தொட்டியின் இரு மூலைகளுக்கும் ஒவ்வொரு முட்டுக்கட்டை வைத்துவிட்டால் யார் பின்னால் ஏறினாலும் தூக்காது.